அஹுஜா வால்வு செட்டும் ஆபேரியும்

பழைய வால்வு ஆம்ப்ளிபயர் என்று பேச்செடுத்தால் சேகரிப்பாளர்கள் வாயில் முதலில் வருவது இங்கிலாந்துப் பெயர்கள்தாம். 1945இல் வந்த லீக் 'பாயின்ட் ஒன்', 1953இல் வந்த குவாட் II. இரண்டும் மேன்மையானவை, மறுப்பில்லை. ஆனால் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆட்களில் பெரும்பாலானோர் காதில் வால்வு ஒலி விழுந்திருந்தால், அது திருவந்திபுரத்துக் கல்யாணம் போன்ற ஒரு விசேஷத்தில், மைக் செட் வழியாகத்தான் விழுந்திருக்கும்.

முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றி எத்தனை மணமக்கள், எத்தனை மேளம்! மலைமேல் ஹயக்ரீவர் சந்நிதிக்கு ஏறும் படிகள்வரை கூட்டம். அப்படிப்பட்ட இடங்களில் பந்தலின் மூலையில் ஒரு மேசை, அதன்மேல் ரெக்கார்டு பிளேயர், பக்கத்தில் கனத்த இரும்புப் பெட்டியாக வால்வு ஆம்ப்ளிபயர். 1940இல் டெல்லியில் தொடங்கிய அஹுஜா கம்பெனியின் பெட்டியாக இருக்கும். அல்லது காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துப் பெயரெடுத்த மும்பை மோட்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோவாக இருக்கும். 'பாசமலர்' (1961) படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு இல்லாமல் அந்தக் காலத்துப் பந்தல் ஏது?

மைக் செட் என்றால் காதைக் கிழிக்கும் என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்தப் பழி பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கருடையது. ஊர்க்கோடிவரை கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த பொருள் அது. கீழ்ஸ்தாயியை ஏறக்குறைய விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். பாவம், பெட்டி என்ன செய்யும்? அதன் பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்று எழுதிய முனைகள் இருக்கும். மரப்பெட்டிக்குள் பொருத்திய பெரிய காகிதக் கோன் ஸ்பீக்கர் ஒன்றை 8 ஓம் முனையில் மாட்டி, வீட்டுக் கூடத்தில் வைத்து, வால்யூமைக் கால்பங்குக்கும் கீழே வைத்துக் கேட்க வேண்டும். அப்போதுதான் செட்டின் சொந்தக் குரல் தெரியும்.

சிதம்பரம் எஸ்.ஜெயராமனின் குரலை அப்படிக் கேளுங்கள். 'பாவை விளக்கு' (1960) படத்தில் அவர் பாடியது போதும். குழாயில் வெறும் மூக்கொலியாகத் தேய்ந்துபோன குரலுக்கு நெஞ்சும் வயிறும் திரும்ப வந்து சேரும். அந்தக் காலத்துப் பதிவில் பாடகர்தான் முன்னால் நிற்பார். வாத்தியங்கள் ஓரடி பின்தள்ளி உட்காரும். வால்வு செட்டும் பேச்சுக்கும் பாட்டுக்கும் என்றே செய்யப்பட்டது. இரண்டும் ஒரே காலத்துப் பிறப்பு, ஒன்றையொன்று அறிந்தவை.

என்னைக் கேட்டால் ஒரு செட்டைச் சோதிக்க 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் நாகஸ்வரப் பாட்டைவிடச் சிறந்த உரைகல் தமிழில் கிடையாது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம், எஸ்.ஜானகியின் குரல், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். நாகஸ்வரத்தில் ஒரு சுரத்தோடு அதன் மேல்ஒலிகள் கூட்டமாகக் கிளம்பும். மோசமான ஆம்ப்ளிபயரில் அவை திரண்டு பெண்குரலை மூடிவிடும். டிரான்சிஸ்டர் செட் தன் எல்லையைத் தொட்டதும் ஒலியலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும், காதில் கூச்சமெடுப்பது அதனால்தான். வால்வு அப்படி வெட்டாது. எல்லை நெருங்க நெருங்க அலையை மெல்ல வளைத்துக்கொடுக்கும். ஆகையால் வால்யூமைச் சற்றுக் கூட்டினாலும் நாகஸ்வரம் எழும்பும் இடத்தில் அதன் வீரியம் குறையாது, உறுத்தலும் வராது. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்புகூடக் கேட்கும். குரலும் குழலும் சுரங்களைப் பரிமாறிக்கொண்டு போகும் இடத்தில், ஒரே சுரத்தில் இருவரும் நிற்கும்போதும், இது அவர் மூச்சு, இது இவர் மூச்சு என்று பிரித்துச் சொல்ல முடியும். இத்தனையும் ஒற்றை ஸ்பீக்கரில்!

எல்லாப் பாட்டையும் இதில் போட்டுக் கேட்க நான் சொல்லமாட்டேன். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப்படம் என்று சொல்லப்படும் 'ப்ரியா' (1978) தொடங்கி இளையராஜாவின் பாஸ் கிட்டார் போகும் பாதைக்கு இரண்டு சேனல் வேண்டும், கீழே இறங்கும் ஸ்பீக்கர் வேண்டும். அதற்கு நல்ல டிரான்சிஸ்டர் செட்டே சரி.

கடலூர்க்காரர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. உப்புக்காற்று வால்யூம் கன்ட்ரோலையும் வால்வு சாக்கெட்டையும் அரித்துவிடும், திருகினால் கரகரவென்று சத்தம் வரும். வருடக்கணக்காகச் சும்மா கிடந்த செட்டை வாங்கிவந்ததும் பிளக்கில் செருகவே கூடாது. காய்ந்துபோன கன்டென்சர் வெடிக்கலாம், மெயின் டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோகலாம். உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், ஸ்விட்சை அணைத்த பிறகும் கன்டென்சரில் அது தங்கியிருக்கும். வால்வு தெரிந்த மெக்கானிக் கைவைத்தால்தான் நல்லது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த ஈசிசி83 வால்வு பழைய கடைகளில் கிடைத்தால் விடாதீர்கள். ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றும் புது வால்வுகள் செய்கிறார்கள்.

வால்வுக்கு மாற்று கிடைத்துவிடும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கதை வேறு. வால்விலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி முழுவதும் இதற்குள் நுழைந்துதான் வர வேண்டும். அதன் சுற்றுகளை அடுக்கடுக்காகப் பிரித்துச் சுற்றிய விதத்தில்தான் செட்டின் குணமே இருக்கிறது. மெயின் டிரான்ஸ்பார்மர் எரிந்தால் சுற்றித்தர ஆள் உண்டு. அவுட்புட் டிரான்ஸ்பார்மரை முன்போலவே சுற்றித்தரும் கை அரிது. பெயின்ட் பளபளக்க, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மாற்றிய செட் ஒன்றும், துருவேறி, கம்பெனி டிரான்ஸ்பார்மரோடு ஒன்றும் விலைக்கு வந்தால், துருப்பிடித்ததையே வாங்குங்கள்.