ளாத்தும் தமிழ் நாவும்

சென்னீர்குப்பம் போன்ற புறநகரில் மாலை நேர மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளின் வீட்டுமொழி ஒன்றல்ல. தமிழ் பேசும் வீடும் உண்டு, உருது பேசும் வீடும் உண்டு. அரபு அரிச்சுவடியின் 15ஆவது எழுத்தைச் சொல்லச் சொன்னால் அது உடனே தெரிந்துவிடும். ஒரு பிள்ளை 'ளாத்' என்னும், அடுத்தது 'ஜுவாத்' என்னும், அரபு நாட்டு ஓதலைக் கைபேசியில் கேட்டுப் பழகியது 'தாத்' என்னும். ரமலான், ரமழான், ரம்ஜான், ரமதான் என்று நாம் எழுதுவதெல்லாம் இந்த ஓரெழுத்திலிருந்து கிளைத்தவைதான்.

எழுதப் பழக்குவது எளிது. நீள்வட்டமாக ஒரு வளையம், ஒட்டி ஒரு சிறு பல், மேலே ஒரு புள்ளி. புள்ளியை விட்டால் ஸாத் ஆகிவிடும். கை சீக்கிரம் பழகிக்கொள்ளும். நாக்குதான் மல்லுக்கு நிற்கும்.

நம் ஹஜ்ரத்மார்கள் தலைமுறை தலைமுறையாக இதை 'ள'வை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒளு, பர்ளு எல்லாம் அப்படி வந்தவை. இதை அறியாமை என்று இளைஞர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 8ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் சீபவைஹி, நாக்கின் ஓரம் கடைவாய்ப் பற்களை அணையும் இடத்தில் இவ்வெழுத்து பிறப்பதாகக் குறித்தார். நீதிபதியைச் சுட்டும் அரபுச் சொல் ஸ்பானிய மொழியில் 'அல்கால்தே' ஆனபோது நடுவில் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டது. நாம் பர்ளு என்பது மலாயில் 'பெர்லு' ஆயிற்று. 'ள' சொல்லும்போதும் மூச்சு நாக்கின் ஓரங்கள் வழியாகத்தான் போகிறது. 'ழ'வில் அது நடுவழியே போய்விடும். ஆகவே ரமழான் என்று எழுதுவதைவிட ரமளான் என்பதே மூலத்துக்குச் சற்று நெருக்கம். 'தாத்' என்பவர்களோ அந்த ஓரத்தையே விட்டு நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆனாலும் 'ள' வாசல்படிதான். அதில் நுனி மேலே மடிகிறது. ளாத்தில் அந்த மடிப்பு கூடாது. அடிநாக்கு உயர்ந்து ஒலி தடிக்க வேண்டும், அதுவும் 'ள'வில் இல்லை. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முற்பகல் தொழுகை ளுஹா, நண்பகல் தொழுகை ளுஹர். முன்னதில் இருப்பது ளாத். பின்னதில் இருப்பது மேல் முன்பற்களின் விளிம்பில் நுனி படப் பிறக்கும் வேறோர் எழுத்து. தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தமிழில் அச்சிட்ட சூரா புத்தகங்கள் இந்தக் கலப்பை நிலைநிறுத்துகின்றன. ஓதப் போக வாய்க்காத ஒரு பெண்ணுக்கு அந்தப் புத்தகமே ஒரே துணை என்பதால் அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்தபுக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் அது தேவையே இல்லை.

பாத்திஹா சூராவின் கடைசி வசனத்தில் ளாத் இரண்டு முறை வருகிறது. ஐவேளைக் கடமைத் தொழுகையைத் தனித்துத் தொழுபவர் 17 ரக்அத்தில் 34 முறை அதை உச்சரிக்கிறார். இத்தனை முறை நாவில் வரும் எழுத்துக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுக்கலாம். 'ள' சொல்ல வைத்து, மடிந்த நுனியை மெல்ல இறக்கச் சொல்லி, ஓரத்தைக் கடைவாய்ப் பல்லோடு அழுத்தச் சொல்ல வேண்டும். பிறகு ளுஹா, ளுஹர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லி, பக்கத்துப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று கண்டுபிடிக்கட்டும்.