காற்று இழுத்த ரயில்: புரூனலின் தோல்வி

காற்றழுத்த ரயிலில் எஞ்சின் வண்டியோடு ஓடாது. வழியோரக் கட்டடத்தில் நிற்கும். தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் இரும்புக் குழாயிலிருந்து நீராவி பம்புகள் காற்றை உறிஞ்சும். குழாய்க்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னாலிருந்து வெளிக்காற்று தள்ள, அதனோடு பிணைத்த வண்டியும் நகரும். பிணைக்கும் தண்டு போய்வர, குழாயின் மேற்புறம் நெடுகப் பிளவு. அதை மூட ஒரு தோல் பட்டை.

சாமுவேல் கிளெக்கும் சாமுடா சகோதரர்களும் காப்புரிமை பெற்ற இம்முறையை, இங்கிலாந்தின் தெற்கு டெவன் ரயில்வேக்கு 1844-இல் பரிந்துரைத்தவர் பொறியாளர் இஸம்பார்டு புரூனல். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அக்கால எஞ்சின் தன் எடையையும் கரியையும் தண்ணீரையும் சுமந்தே மேடேற வேண்டும். அந்தச் சுமை போனால் ஏற்றம் எளிது; புகையும் இல்லை. வண்டி ஓடியபோது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகமும் பதிவானது.

குறை முதலில் தோலில் தொடங்கியது. குளிரில் அது விறைத்தது, வெயிலில் உலர்ந்தது. பிளவை அடைக்கப் பூசிய மெழுகும் கொழுப்பும் நிலைக்கவில்லை. கசிவை ஈடுகட்டப் பம்புகள் கணக்குக்கு மேல் உழைத்தன. 1848 கோடையில் பட்டை நெடுகக் கிழிந்தது. கொழுப்பை எலிகள் தின்றதே காரணம் என்பது சுவையான கதை, ஆதாரம் போதாது.

தோல் தாங்கியிருந்தாலும் சிக்கல் தீர்ந்திருக்காது. நடுவில் குழாய் கிடப்பதால் தடம் மாற்றுவது பெரும்பாடு. நிலையத்தில் பெட்டிகளைக் கோக்கவும் பிரிக்கவும் தனி ஏற்பாடு தேவை. பம்பு நிலையங்களுக்கிடையே தொடக்கத்தில் தந்தி இல்லை. அட்டவணை பார்த்தே பம்புகள் இயங்கின. வண்டி தாமதமானால் கரி வீண். ஒரு பம்பு நின்றால் தடம் முழுதும் முடங்கும் என்று ரயில் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் முன்பே எச்சரித்திருந்தார்.

புரூனலுக்குத் துணிவு தந்தது அயர்லாந்தின் டால்கி காற்றழுத்தப் பாதை. அது 3 கிலோமீட்டருக்கும் குறைவு. மேலே ஏறக் காற்று, கீழே இறங்கச் சரிவு. இழுக்க முடியுமா என்ற கேள்விக்கு மட்டுமே அங்கே விடை கிடைத்தது. நீண்ட பாதையைப் பராமரிக்க முடியுமா என்பது சோதிக்கப்படவே இல்லை. கோட்பாட்டைவிட, அதைச் சோதிக்காமல் நீண்ட பாதைக்குக் கொண்டுபோன அவசரமே பெரிய பிழை. ஆற்றலை வண்டிக்கு வெளியே உண்டாக்கும் எண்ணம் பின்னாளில் மின்சார ரயிலில் பலித்தது.

1847 செப்டம்பரில் எக்ஸெட்டருக்கும் டின்மத்துக்கும் இடையே தொடங்கி, பின்பு நியூட்டன் வரை நீண்ட சேவை 1848 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. நியூட்டனுக்கு மேற்கே, காற்றழுத்தத்தை நம்பி அமைத்த செங்குத்தான ஏற்றங்களில் நீராவி எஞ்சின்களே திணறி ஏறின.