சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்ட இரக்கம்

2023 அக்டோபர் 29 முதல் நவம்பர் 3 வரை மலேசியக் கல்வியமைச்சு நடத்திய பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரத்துக்கு ஆதரவாக எழுந்த வாதம் இன்னும் நம்மவர் வாயிலும் கேட்கிறது. பாலஸ்தீனம் மனிதாபிமானம், ஈழம் தடைசெய்யப்பட்ட ஓர் இயக்கத்தின் அரசியல், இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறார்கள். மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளில் படித்து, மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

காஸாவின் குழந்தைகளுக்காகப் பள்ளி இரங்கியது சரி. பல இனப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் வகுப்பறை கட்சி மேடையாகக் கூடாது என்பதும் சரி. 1969 இனக்கலவரத்தைக் கண்ட நாடு இனப் பேச்சுக்கு அஞ்சுவதில் காரணம் உண்டு. விடுதலைப் புலிகள் இயக்கம் 2014 நவம்பரில் இங்கே பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் கொடியைப் பள்ளிச் சுவரில் ஏற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

என் மறுப்பு பழையது, ஒன்றே ஒன்று. ஒரு பேச்சைப் பள்ளியில் அனுமதிக்கலாமா என்று பார்க்கும்போது, அது பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு என்ன தீங்கு செய்கிறது என்று நம் நாட்டில் எவரும் கேட்பதில்லை. எந்த நாட்டுப் போர், அதில் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா எந்தப் பக்கம் என்றே பார்க்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் இலங்கைப் போர் ஓய்ந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27 அன்று, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு மலேசியா ஆதரவாக வாக்களித்தது. அன்று அரசு எடுத்த நிலைப்பாடுதான் இன்றும் நம் பிள்ளைகளின் துக்கத்துக்கு எல்லை போடுகிறது. அந்நாளைய தோட்டத்துக் கிராணிமாரில் பலர் யாழ்ப்பாணத்தார். அவர்கள் வழிவந்த குடும்பங்களுக்கு அந்தப் போர் தூரத்துச் செய்தி ஆகாது.

ஆயுதத்தைப் புகழ்வதைத்தான் தடுக்கிறோம் என்பார்கள். அந்த ஒருமைப்பாட்டு வாரத்தில் சில பள்ளிகளில் பொம்மைத் துப்பாக்கி ஏந்திய காட்சிகள் வெளிவந்தன. கண்டனம் எழுந்தது, பிறகு அமைச்சு அதைக் கூடாது என்றது. யாரும் கைதாகவில்லை; கைதாகியிருக்கவும் கூடாது. நம் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2018 நவம்பர் 28 அன்று ஆயர் குரோ மண்டபம் ஒன்றில் நடந்த நிகழ்ச்சியில் விடுதலைப் புலிகளை ஆதரித்ததாகக் காரணம் காட்டி, மறு ஆண்டு அக்டோபரில் காடேக் சட்டமன்ற உறுப்பினரும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி. சாமிநாதன் கைதானார். அந்த மாதம் நாடு முழுவதும் கைதானவர்கள் 12 பேர். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டம் ஜாமீனுக்கு இடம் தரவில்லை. ஜாமீனை மறுக்கும் அதன் பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்று நவம்பர் 29-இல் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் தீர்ப்பளித்த பிறகும் கதவு உடனே திறக்கவில்லை. 2020 பிப்ரவரியில்தான் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். ஒரு தலைவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பதே அவர் விளக்கத்தின் சாரம். வழக்கு விழுந்தது. அது விதைத்த பயம் விழவில்லை.

இந்தக் காவலெல்லாம் பிள்ளைகளைப் பாகுபாட்டிலிருந்து காக்கவா? அதற்கும் விடை சாதகமாக இல்லை. அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு அரசுக் கல்விக்கூடங்களில் இனம், சமயம் காரணமான பாகுபாட்டை விலக்குகிறது. அதற்கு உயிர் கொடுக்கும் தனிச்சட்டம் இல்லை. இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கப்போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசு பின்வாங்கியது. ஐந்தாம் படிவ மாணவர் கையில் 'இன்டர்லோக்' நாவல் பாடநூலாகத் தரப்பட்டபோது, அதிலிருந்த சாதிச் சொல்லுக்காகச் சமுதாயம் ஓராண்டு போராடி 2011 இறுதியில் அதை விலக்க வைத்தது. நூல் போனது, வகுப்பில் அந்தச் சொல்லால் ஒரு பையனைக் கூப்பிட்டால் யாரிடம் முறையிடுவது என்ற விதி அதனுடன் வரவில்லை.

அமெரிக்காவில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் யூத மாணவரையும் அரபு மாணவரையும் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. அதே சட்டம் காஸா பற்றிய பேச்சின் வாயைக் கட்டுகிறதா என்று வழக்காடுகிறார்கள். அந்தச் சண்டை நமக்கு வரவேண்டும் என்று ஏங்குகிறேன். அங்கே காப்பும் உண்டு, வாய்ப்பூட்டும் உண்டு, இரண்டுக்கும் நடுவே நீதிமன்றம் நிற்கிறது. நமக்கு வாய்த்தது பூட்டு மட்டும். இதை நல்லிணக்கம் என்று பாராட்டும் நம் தலைவர்கள், தமிழ்ப் பிள்ளையின் வாய் மூடியிருப்பதைத்தான் அமைதி என்று கணக்கில் எழுதுகிறார்கள்.

வேண்டியது பெரிய காரியமில்லை. எந்தப் போரையும் எந்த மக்களின் சாவையும் வகுப்பில் பேசலாம். எந்த மாணவனையும் அவன் இனத்தையோ சமயத்தையோ சொல்லி இழிவுபடுத்தக் கூடாது. மீறினால் பெற்றோர் போய் நிற்க ஓர் இடம் இருக்க வேண்டும். ஜாசினில் நான்காம் படிவ மாணவி ஒருத்தி வரலாற்று வகுப்பில் முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கேட்டால், ஆசிரியருக்கு முதலில் நினைவு வருவது 1993-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை விதிகள், பிறகு தேச நிந்தனைச் சட்டம், பிறகு 2019-இன் கைதுகள். அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவரைக் கோழை என்று சொல்ல என்னால் முடியாது. அவருக்குத் துணையாக ஒரு வரிகூட எழுதித் தராத கல்வியமைச்சைத்தான் கேட்க வேண்டும்.