அழுகிய பேரிக்காய்க்கும் அதே கை

தண்டின்மேல் படர்ந்த சுணையிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். தொட்டால் விரல் அரிக்கும் என்று தோன்றுகிற அளவுக்கு மெல்லிய இழைகள். அத்தனையும் கண்ணாடி. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘கண்ணாடிப் பூக்கள்’ தொகுப்பு, வருகிறவரை முதலில் குனியவைக்கிறது, பிறகு நகரவிடுவதில்லை.

இவை வகுப்பறைக்காகப் பிறந்தவை. உலர்த்திய செடியில் நிறமும் வடிவும் போய்விடும். மெழுகு மாதிரிகளில் நுணுக்கம் போதாது. வழி தேடிய தாவரவியல் பேராசிரியர் ஜார்ஜ் லிங்கன் குட்டேல், 1886இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே இருந்த லியோபோல்ட் பிளாஷ்காவின் வீட்டுக்குப் போனார். லியோபோல்டும் மகன் ருடால்ஃபும் அதுவரை ஜெல்லிமீன் போன்ற கடலுயிர்களைக் கண்ணாடியில் செய்துவந்தவர்கள். பூக்களுக்கான செலவை ஏற்றவர்கள் குட்டேலின் மாணவி மேரி லீ வேரும் அவருடைய தாய் எலிசபெத்தும். ஹார்வர்டில் படித்த மருத்துவர் சார்லஸ் எலியட் வேரின் நினைவாக மனைவியும் மகளும் அளித்த கொடை அது. 1936 வரை வேலை நடந்தது. சுமார் 780 தாவர இனங்கள், 4,000க்கும் மேற்பட்ட மாதிரிகள்.

விளக்குச் சுடரில் கண்ணாடியை இளக்கி, இழுத்து, கிள்ளி, ஒட்டிச் செய்த வேலை. முந்திரிக் கிளையைப் பாருங்கள். நாம் பழம் என்று கடிப்பது பருத்த காம்புதான், மெய்யான கனி அடியில் தொங்கும் கொட்டை என்பது, கொட்டை காம்போடு பொருந்தும் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. செடிகளின் அருகே, பலமடங்கு பெரிதாக்கிய பூவின் உறுப்புகள். வெட்டிக் காட்டிய சூலகத்துக்குள் சூல்கள் வரிசை பிசகாமல் அமர்ந்திருக்கின்றன. வெறும் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் கை சோம்பவில்லை.

1895இல் தந்தை இறந்தபின் ருடால்ஃப் தனியாகத் தொடர்ந்தார். தொடக்கக் காலப் பூக்களுக்கு மேலே வண்ணம் பூசினார்கள். பின்னாளில் அவர் தேவையான நிறக் கண்ணாடியைத் தாமே உருக்கிக்கொண்டார். நிறம் மேற்பூச்சாக இல்லாமல் இதழின் உடம்பாகவே ஆனது.

என் மனம் தங்குவது 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் அவர் செய்த நோயுற்ற பழங்களில். சொறி விழுந்த ஆப்பிள், சுருண்டு தடித்த பீச் இலை, பூஞ்சை படர்ந்த ஸ்ட்ராபெர்ரி, அழுகிய பேரிக்காய். அழுகல் தொடங்கும் விளிம்பில் பழுப்பு எப்படி நல்ல தோலுக்குள் ஊறிப் பரவுகிறது என்பதை, மலர்ந்த இதழுக்குக் கொடுத்த அதே பொறுமையோடு காட்டியிருக்கிறார். அழகை மட்டும் நாடியவர் பேரிக்காயை முழுதாக விட்டிருப்பார். நோயை மாணவர் பிழையின்றி அடையாளம் காண வேண்டும் என்ற நேர்மைதான் அவரை அழுகல்வரை அழைத்துப் போனது. இந்தத் தொகுப்பின் பேரழகு அந்த நேர்மையில் விளைந்தது.