குதிரைக்காரர்கள் எங்கே?

தமிழ்ப் படங்களில் குதிரைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. கொள்ளு வைத்து, லாயம் கூட்டி அதை வளர்த்தவரின் முகம்தான் அரிதாகத் தெரிந்திருக்கிறது. குடும்பத்தோடு பார்க்கிற படங்களில் சேணம் அரசனுக்கு, இல்லாவிட்டால் வாளேந்திய நாயகனுக்கு.

தேவகோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இது உறுத்த வேண்டும். கோயில் திருவிழாக்களையொட்டி இங்கே நடக்கும் எல்கைப் பந்தயங்களில் மாட்டு வண்டியோடு குதிரை வண்டியும் ஓடும். ஜெயித்த வண்டி யாருடையது என்று மைக்கில் சொன்ன கையோடு, ஓட்டிய சாரதியின் பெயரையும் சொல்வார்கள். சினிமாவுக்கு இந்த வழக்கம் வரவில்லை. இத்தனைக்கும் சினிமா நமக்குத் தொலைவானதல்ல. ஏவி.எம். ஸ்டுடியோ தேவகோட்டை ரஸ்தாவில் இயங்கிய காலம் உண்டு. 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான்.

லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ் எடுத்த இரண்டு படங்களைப் பார்ப்போம். ‘மதுரை வீரன்’ (1956) படத்துக்கு வசனம் நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். செருப்புத் தைக்கும் தம்பதி வளர்த்த பிள்ளைதான் வீரன். ஆனாலும் குதிரையேற அவன் பிறப்பால் அரசகுமாரனாக இருந்தாக வேண்டும். நாட்டார் கதையிலேயே அப்படிச் சொல்வதுண்டு. படமும் அதை விடவில்லை. ‘ராஜா தேசிங்கு’ (1960) படத்தில் செஞ்சி மன்னனாகவும் தாவூத்கானாகவும் எம்.ஜி.ஆரே வந்தார். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே முகத்தைக் கொடுத்த அந்தத் துணிச்சலை நான் இன்றும் மெச்சுகிறேன். சேணம் மட்டும் அங்கும் அரசனுக்கே. சின்னப்பா தேவரின் ‘நீலமலைத் திருடன்’ (1957) ரஞ்சனின் சவாரிக்காகவே நினைவில் நிற்கிறது. இயக்குநர் கர்ணனின் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972) போன்றவை கௌபாய்ப் படங்கள். அவற்றில் குதிரை வேகத்துக்கு மட்டுமே.

இந்த வரிசையை உடைத்தது 2011இல் வந்த ‘அழகர்சாமியின் குதிரை’. பாஸ்கர் சக்தியின் கதை, சுசீந்திரன் இயக்கம். ஊர்க் கோயிலின் மரக்குதிரை வாகனம் காணாமல் போகிறது. எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குதிரை வந்து நிற்கிறது. சாமி அனுப்பிய குதிரை என்று ஊரே கும்பிடுகிறது. அதைத் தேடி வருகிறான் மலையில் சுமை ஏற்றிப் பிழைக்கும் அழகர்சாமி. குட்டையான, கறுத்த, கூச்சமுள்ள அந்த மனிதனாக அப்புக்குட்டி. குதிரை இல்லையென்றால் அவனுக்குப் பிழைப்பும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஊரோ திருவிழா முடியும்வரை குதிரையைத் தர மறுக்கிறது. வாகனத்தைக் கும்பிடுகிற கை குதிரைக்காரனை அடிக்க ஓங்குவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம், ஊர்த் தலைவரின் மகன் கோடாங்கியின் மகளைக் கட்டிக்கொள்கிறான். சாதி விட்டுச் சாதி கட்டினால் மழை பெய்யாது என்று தலைவர் புலம்ப, மழை கொட்டுகிறது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கும் துணை நடிகருக்குமாக இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. கதையின் நாயகனுக்குத் துணை நடிகர் விருதா என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) குழந்தைகளுக்கான படமல்ல. ஆனால் ஒடுக்கப்பட்ட ஊரின் சிறுவன் ஒருவன் அதில் குதிரை வளர்க்கிறான். அந்தக் குதிரைமீது ஏறித்தான் நாயகன் ஊரைக் காக்க வருகிறான். குதிரையேறி வந்த தலித் மாப்பிள்ளைகளைத் தாக்கும் செய்திகள் வட மாநிலங்களிலிருந்து இன்றும் வரும் நாட்டில், அந்தக் காட்சிக்குத் தனிக் கனம் உண்டு.

பெண் பிள்ளைகளின் நிலைதான் மோசம். ஆங்கிலத்தில் 1944இலேயே ‘நேஷனல் வெல்வெட்’ வந்துவிட்டது. சிறுமி எலிசபெத் டெய்லர் ஆண் வேடமிட்டுக் குதிரைப் பந்தயத்தில் முந்துவார். அங்கேயும் கறுப்பினச் சவாரிக்காரர்கள் வெகுகாலம் அரிதாகவே கண்ணில் பட்டார்கள். பிலடெல்பியாவின் ஃபிளெட்சர் தெருக் குதிரைக்காரர்களில் சிலரை நடிக்கவே வைத்து ‘கான்கிரீட் கௌபாய்’ வந்தது 2020இல்தான். பெண்கள் விஷயத்தில் நமக்கோ, குதிரையேற்றம் பழகிய சிவகங்கை அரசி வேலுநாச்சியார் ஆண்ட மண்ணே இருக்கிறது. ஆனாலும் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ (1959) மருது சகோதரர்களின் கதையாகத்தான் அமைந்தது.

படம் எடுக்கும் இளைஞர்களிடம் கேட்பது இரண்டே. இந்தப் பக்கத்துப் பந்தயச் சாரதி ஒருவரின் மகளைக் குதிரைமேல் ஏற்றி, குழந்தைகள் பார்க்கும்படி ஒரு படம் எடுங்கள். எந்தப் படமானாலும், குதிரையைப் பழக்கியவரின் பெயரை டைட்டிலில் தெளிவாகப் போடுங்கள்.