இளஞ்சதுரங்க வீரரும் செய்தி இலக்கணமும்

சதுரங்கத்தில் சிறந்து விளங்கும் சிறாரைச் செய்தித்தாள்கள் போற்றுகின்றன என்பது பொதுவான கருத்து. அப்போற்றுதல் எவ்வகை மொழிவடிவங்களில் அமைகிறது என ஆராயின், அச்சிறார் சுமக்கும் அழுத்தமும் உடன் புலப்படும். ஐதராபாத்தில் தமிழ், தெலுங்கு நாளிதழ்களை ஒப்பிட்டுப் படிப்போர் இதனை எளிதில் உணரலாம்.

'12 வயதுச் சிறுவன் பட்டம் வென்றார்' என்னும் தொடரமைப்பு தமிழ்ச் செய்திகளில் பயின்றுவருவது. எழுவாய் ஆண்பால் ஒருமை. பயனிலையோ மதிப்பு விகுதி பெற்றது. தெலுங்கு இதழ்கள் பெரும்பாலும் சிறுவனுக்குக் 'கெலிச்சாடு' என்றும், சிறுமிக்குக் 'கெலிச்சிந்தி' என்றும் எழுதுகின்றன; பின்னது அஃறிணை ஒருமைக்கும் பொதுவான வடிவம். தெலுங்கு வடிவங்களில் மதிப்புக்குறைவு இல்லை. வீட்டுப்பிள்ளை என்னும் அண்மை உண்டு. தமிழின் '-ஆர்' மதிப்பைத் தருகிறது; அதனுடன் முதியவர்க்குரிய பொறுப்பையும் ஏற்றிவிடுகிறது.

எனினும் அழுத்தம் விகுதியில் மட்டும் இல்லை. வினைத் தேர்விலும் உள்ளது. 2019 சனவரியில் குகேஷ் 12 ஆண்டு 7 மாதம் 17 நாள் அகவையில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2002-இல் செர்கேய் கார்யாகின் 12 ஆண்டு 7 மாதத்தில் அப்பட்டம் பெற்றிருந்தார். எனவே, குகேஷ் உலகச் சாதனையை 17 நாளில் 'தவறவிட்டார்' எனச் செய்திகள் எழுதின. உரியதாக இருந்து கைநழுவியது என்னும் முற்கோள் 'தவறவிடு' என்னும் வினையில் பொதிந்துள்ளது. அன்றைய நிலையில் உலகில் இரண்டாம் இடம் பெற்ற சிறுவனின் ஈட்டம், இவ்வினையால் இழப்பாக மாறிவிடுகிறது.

பெயரிடலிலும் இவ்வெதிர்பார்ப்பைக் காணலாம். 'சாம்பியன்' என்னும் சொல்லின் ஒலிக்கூற்றிலிருந்து மகளுக்கு 'ஹம்பி' எனப் பெயரிட்ட கோனேரு அசோக், அது உருசியப் பெயர்போல் தோன்றுமாறு அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்னர் மாற்றினார். அப்பெண் 2002-இல், 15 ஆண்டு 1 மாதம் 27 நாள் அகவையில், யூதித் போல்காரின் சாதனையை முறியடித்துக் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எதிர்பார்ப்பு நிறைவேறியதால் இப்பெயர்க்கதை இனிக்கிறது; நிறைவேறாத வீடுகளின் கதை அச்சேறுவதில்லை.

2024 திசம்பர் 12-இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 அகவையில் குகேஷ் உலக வாகையர் ஆனபோது, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அவரை 'நம் தெலுங்குப் பையன்' என்னும் பொருள்பட வாழ்த்தினார். தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் தமிழ்நாட்டின் பெருமிதமாகவும் சென்னையின் சிறப்பாகவும் அவ்வெற்றியைக் கண்டார். இரண்டும் அன்பின் வெளிப்பாடுகளே. ஆயினும், அவற்றைத் தொடர்ந்து 'அவர் எவருடையவர்' என எழுந்த விவாதத்தில் வீரர் எழுவாயாக நில்லாமல் உடைமைப் பொருளாகிறார். 7 அகவையில் காய் நகர்த்தத் தொடங்கிய ஒருவரின் பதினோராண்டு உழைப்பு அதில் மறைந்துபோகிறது. 'மேதை' என்னும் பெயர்ச்சொல்லும் இம்மறைப்பையே செய்கிறது. அது இயல்பைச் சுட்டுமேயன்றிச் செயலைச் சுட்டாது.

எனவே மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை இரண்டு. மதிப்பு விகுதியைத் தருக. எழுவாயையும் 'சிறுவன்' எனத் தாழ்த்தாது அதற்கு இயைபாக அமைக்க. 'தவறவிட்டார்' என்பதற்கு மாறாக, 'உலகில் இரண்டாவது இளையவராகப் பட்டம் பெற்றார்' என எழுதுக. இரண்டும் உண்மையே, ஆனால் மறுநாள் பள்ளிக்குச் செல்லும் சிறுவன் படிக்கத்தக்கது பின்னதே.