ஒன்றாயும் பலவாயும்

2019ஆம் ஆண்டில் சர்வர்களுக்கென வெளிவந்த இரண்டு பிராசஸர்களை அருகருகே வைத்து நோக்குங்கால், அவற்றின் நிர்மாணத்திலுள்ள பேதமே எனக்குப் பெரிய ரசானுபவமாக இருக்கிறது. இன்டெலின் ஜியான் பிளாட்டினம் 8280, தன் 28 கோர்களையும் ஒரே சிலிக்கன் துண்டில் வலைபோல் பின்னி, 512 பிட் அகலமுள்ள தரவை ஒரே கட்டளையில் கணித்துவிடும் கம்பீரம் வாய்ந்தது. ஏஎம்டியின் எபிக் 7742 என்பதோ, 7 நானோமீட்டர் நுட்பத்தில் அமைந்த எட்டுச் சிறு சில்லுகளை, நினைவகத்தோடும் வெளியுலகத்தோடும் தொடர்பைக் கவனிக்கும் 14 நானோமீட்டர் நடுச்சில்லு ஒன்றைச் சுற்றி அமர்த்தி, 64 கோர்களை எய்தியது. சிறு சில்லில் பழுது நேரின் நஷ்டமும் சிறிதே ஆதலால், இவ்வேற்பாடு சிக்கனத்துக்கும் சாதகமாயிற்று. ஆயினும், சில்லுக்குச் சில்லு செய்தி கடக்கையில் சற்றே தாமதம் நேர்வதும் உண்மையே. முன்னதன் அகண்ட அழகை வியந்தபோதிலும், என் பிரியம் என்னவோ பகுத்துப் பின் கூட்டிய சாமர்த்தியத்தின் பக்கமே சாய்கிறது.